எக்ஸ்பார்ட்டி

வக்கீல் வீரராகவன் நல்லா இருக்கட்டும். வேறென்ன சொல்ல? வாயைத் திறந்தால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும்.

என் புருஷன் கிருபாகரன் என்னை விட்டுப் போனதோடு நிற்காமல், மூன்றாவது படிக்கும் மகள் வல்லியையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேஸ் போட்டான். கரையான்சாவடியில் செல்போன் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்த வீரராகவனிடம் ஓடினேன். "நீங்க கோர்ட்டுக்கெல்லாம் வராதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். படித்த மனுஷன் சொல்கிறாரே என்று நம்பித் தொலைத்தேன்.

ஒருநாள் போன் செய்து விசாரித்தேன். "கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சும்மா. பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு லத்தீஃபாவிடம் அர்த்தம் கேட்டேன். "எக்ஸ் கவுன்சிலர்னா இன்னா? பதவி போனவரு. எக்ஸ் பார்ட்டின்னா உன் எதிர் பார்ட்டி அவுட்டு! கேஸு முடிஞ்சிச்சுடி எழிலு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அடியம்மா, எனக்குத் தலைகால் புரியவில்லை. வல்லியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன். எங்கள் நூம்பல் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தோம்.

இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் கோர்ட் ஆளோடு கிருபாகரன் வாசலில் வந்து நின்றான்.

"எக்ஸ் பார்ட்டிக்கு இங்க இன்னாய்யா வேலை?" என்று எகிறினேன்.

கோர்ட் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எக்ஸ்பார்ட்டி நீதாம்மா. கோர்ட்ல கூப்ட்டப்போ உன் சார்பா யாரும் வரல. உன் பக்கத்த கேக்காமயே தீர்ப்பு சொல்லிட்டாங்கோ. கொயந்தைய இவர்கிட்ட குடுக்கணும்."

வக்கீலுக்குப் போன் அடித்தேன். "அது லத்தீன் வார்த்தைம்மா. புரியலைன்னா அப்பவே கேட்டிருந்தா, முப்பது நாளுக்குள்ள தீர்ப்ப ரத்து பண்ண மனு போட்டிருப்பேனே" என்றார். லத்தீனாம் லத்தீன்! 'யாரும் வரல, உன் புள்ள போகப் போறா' என்று சொல்வதற்கு அந்தப் பாவி வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

கிருபாகரன் இழுக்க இழுக்க, வல்லி என் புடவையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"உங்கம்மாவுக்கு நீ வேணாம். ஜட்ஜு கூப்ட்டும் போவல, கேட்டுப் பாரு" என்றான் அவன்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாம்மா? நீ போவலையா?"

"போவலதான் கண்ணு. ஆனா..."

அதற்குள் அவள் புடவையை விட்டுவிட்டாள்.