முதல் கூடை உப்பு

காசிலிங்கத்துக்கு வயிறு எரிய ஆரம்பித்தது மாசி மாதத்தில், உப்பளத்தில் முதல் உப்பு வாரிய அன்று. கற்பூரம் காட்டி முடித்ததும் உப்புக் கம்பெனி முதலாளி தட்சணாமூர்த்தி முதல் கூடையைச் சுப்ராயன் கையில் கொடுத்தார். பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்தில் நெல் போடுகிறவனுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. தை அறுவடைப் பணம் ஆடி வரைக்கும் சுப்ராயனிடம் சும்மா கிடக்கும். அந்த மாதங்களில்தான் கம்பெனிக்குக் கூலி கொடுக்கப் பணம் முடை. மூன்று மாதத் தவணை, நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, ஒரு புரோநோட்டு, அவ்வளவுதான். ஈடாக நிலமும் கிடையாது, நகையும் கிடையாது. உப்பு விற்றதும் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

காசிலிங்கம் மரக்காணம் கடைத்தெருவில் அடகுக்கடை வைத்திருந்தான். சொந்த மச்சானே வந்தாலும் நகையைக் கழற்றி வைத்தால்தான் பணம். முதலாளி முதலில் அவனிடம்தான் கேட்டார். “என்னா ஈடு வைக்கிறீங்க?” என்றான். அவர் சிரித்தபடி எழுந்து போய்விட்டார்.

இப்போது சுப்ராயன் கம்பெனிக்குள் நுழைந்தால் நாற்காலி வருகிறது, டீ வருகிறது. உப்பு வாரும் பெண்கள் “வாங்கண்ணே” என்கிறார்கள். காசிலிங்கத்தின் கடையைத் தாண்டும்போது அதே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வட்டிக்காக அவன் எரியவில்லை. அந்த நாற்காலிக்காக எரிந்தான்.

ரயில் வேலைநிறுத்தம் நடந்த வருசம் அது. வைகாசியில் சுப்ராயனின் தவணை முடிந்தது. வேகன் கிடைக்காமல் உப்பு மலை மலையாகக் களத்திலேயே கிடந்தது. முதலாளி தவணையை நீட்டிக் கேட்கப்போகிறார் என்று காதில் விழுந்ததும் காசிலிங்கம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

“சுப்ராயன் கணக்கத் தீர்த்துடுங்க. அந்தத் தொகைய நான் தர்றேன். வட்டி பத்து போதும்.”

“ஈடு?” என்று கேட்டார் முதலாளி, கிண்டலாக.

“அதெல்லாம் வேணாங்க. அடுத்த மாசி முதல் கூடை எனக்கு.”

வீட்டில் மனைவி பொன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” அவன் காதில் வாங்கவில்லை. சுப்ராயன் பணத்தை வாங்கிக்கொண்டு கம்பெனி வாசலை விட்டு இறங்கியதை எதிர்க்கடையில் நின்று கண்குளிரப் பார்த்தான்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. புரட்டாசியில்தான் உப்புக் குவியலுக்குப் பனையோலை வேய்வார்கள். வைகாசியில் யார் வேய்ந்தார்கள்? மழை விட்டபோது களத்தில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம்.

“நான் ஓடிட மாட்டேன்பா. அடுத்த பருவத்துல தர்றேன்” என்றார் முதலாளி. அதட்டிக் கேட்கவும் வழியில்லை. விற்றுக்கொள்ள அவர் பொருள் ஒன்றுகூட அவன் கையில் இல்லை. அடகு வைக்க வந்தவர்களுக்குக் கொடுக்கக் காசில்லாமல் காசிலிங்கம் கடைக் கதவைப் பாதி சாத்தினான்.

அந்தப் பாதிக் கதவில்தான் ஒருநாள் சுப்ராயன் குனிந்து நுழைந்தான். பரிகாசம் பண்ண வந்திருக்கிறான் என்று காசிலிங்கம் பல்லைக் கடித்தான். சுப்ராயன் துண்டை அவிழ்த்து நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்தான்.

“நீ குறுக்க வரலன்னா இந்த மழையில நான்தாம்பா முழுகிப் போயிருப்பேன். இத வச்சு கடைய நடத்து. நடவுக்கு முன்ன குடு, போதும்.”

காசிலிங்கத்தின் வாயில் பழக்கத்தில் வந்தது. “என்னா ஈடு வேணும்?”

“ஈடா? நீ எங்க ஓடிடப் போற?”

இத்தனை வருசத்தில் ‘நீ எங்க ஓடிடப் போற’ என்று காசிலிங்கம் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் யாரும் சொன்னதில்லை. கடைசியில் சொல்ல வந்தவன் இவன்தானா? பாவி, நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே!

பணத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தான். சுப்ராயன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த மாசியில் முதல் கூடை தன் கைக்கே வரும், அதைக் கேட்டு வாங்கியாகிவிட்டது. ஆனால் சுப்ராயன் அதைக் கேட்காமலே வாங்கியவன். மாசியில் எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது.