அடையாளக் கல்

பிறந்த அன்றே குழந்தையைப் பறிகொடுத்த என் தங்கை மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, வெளியூரிலிருந்து அவள் வீட்டுக்கு வந்திருந்தேன். கீரை விதைத்தாலாவது மனம் தேறுவாள் என்று நினைத்தேன். அவளும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில், யாரையும் கேட்காமல் முந்திரிக்கொட்டை மாதிரி தோட்டத்தில் இறங்கினேன். சாண் ஆழம் கொத்தி, கல்லையெல்லாம் பொறுக்கிச் சுவரோரம் குவித்து, மண்ணைச் சமன்படுத்தினேன். கை கொப்புளித்தும் எனக்கு ஒரே பெருமை.

திரும்பி வந்தவள் குவியலருகே உட்கார்ந்து கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"என்னம்மா தேடுற?"

மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். "குழந்தைய இங்கதான் புதைச்சோம், மச்சான். அடையாளத்துக்கு ஒரு கல்லு வச்சிருந்தோம்."

"எந்த இடத்துல?"

தங்கை நிமிராமல் சொன்னாள். "கல்லு இருந்தாத்தானேண்ணா இடம்."