கறுப்பு சாக்கெட்

ஸ்பேனர் பிடியில் நீளத்துக்குச் செருகியிருந்த பைப்பின் முனையில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றபோதும் நட்டு அசையவில்லை. ஜெயசித்ரா ஒரு கையால் கரும்பு டிரெய்லரின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கித் தூக்கி அழுத்தினாள். நான்காவது அழுத்தில் டப்பென்று ஒரு சத்தம். நட்டு விட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். பார்த்தால் பைப்பு தரையில் கிடந்தது, அவளும் கிடந்தாள். வலது தோள் மண்ணில் அடித்திருந்தது. நட்டைக் கவ்வும் முப்பத்திரண்டாம் நம்பர் சாக்கெட் பக்கவாட்டில் வாய் பிளந்து நட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

டிரெய்லர்காரர் அரிகரன் தூக்கிவிடக் கையை நீட்டி, பிறகு என்ன நினைத்தாரோ, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவளே எழுந்தாள். பதினெட்டு டன் கரும்போடு நடுவழியில் டயர் வெடித்த எரிச்சல் அவருக்கு. வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் எடை குறையும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒங்ககிட்ட நட்டு கழட்டற பேட்டரி கன்னு ஒண்ணு இருந்திச்சே, இன்னா ஆச்சி?"

அவள் கடைக்குள் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் டேனியல் தலையைத் தூக்கவில்லை. சாக்கெட் உடைந்துபோச்சு, வேறு வாங்கி நாளைக் காலையில் கழற்றித் தருகிறோம் என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னான். அரிகரன் முனகிக்கொண்டே போனார்.

மதகடிப்பட்டுக்கு மேற்கே விழுப்புரம் ரோட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட அந்தக் கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். கல்யாணமான புதிதில் மதியச் சோறு கொண்டுவந்தவள், சக்கரத்தைப் பிடிக்க ஆரம்பித்து, ஜாக்கி போட ஆரம்பித்து, ஐந்தாறு வருஷத்தில் அவன் இல்லாத நாளில் தனியாகவே கடையைத் திறக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மாடு ஏற்றி வரும் வண்டிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு "சித்ரா இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பதினாறு மாதத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழை நாளில் ஒரு கார் வந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், அவசரம். அந்தக் காரின் சக்கரத்தில் நட்டுகள் ஒடுக்கமான ஆழக் குழிக்குள் இருந்தன. பேட்டரி கன்னைக் கையில் வைத்துக்கொண்டு டேனியல் கன்னுக்கென்று இருந்த கறுப்பு சாக்கெட் கேட்டான். கறுப்பு தடிமன், குழிக்குள் போகவில்லை. கையால் திருகுவதற்கென்று வைத்திருந்த குரோம் சாக்கெட்டை, பளபளவென்று மெல்லியதாக இருந்ததை, அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அது சரியாக உள்ளே போய் உட்கார்ந்தது. கன்னை அழுத்திய இரண்டாவது நொடியில் சாக்கெட் மூன்றாகச் சிதறியது. ஒரு துண்டு டேனியலின் இடது கண்ணில் ஏறியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கேட்டபோதும், மாதா கோயிலில் சாமியார் கேட்டபோதும் டேனியல் ஒரே மாதிரிதான் சொன்னான்: அவசரத்தில் நானே மாற்றி எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்திலேயே நின்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாள் ஆக ஆக, அதைச் சொல்வதற்கான இடமே இல்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அவன் கன்னைச் சாக்கில் சுற்றி, கறுப்பு சாக்கெட்டுகளையும் அதிலேயே போட்டுக் கட்டிப் பரண்மேல் வைத்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. போல்ட்டை மரையில் வைக்கும்போது ஓர் அங்குலம் தள்ளி வைத்தான். அதனால் ஒட்டுப் போடுவதும் காற்றடிப்பதும் அவனுக்கு, சக்கரமெல்லாம் அவளுக்கு என்று ஆகிவிட்டது. கையால், பைப்பு போட்டு. மணிக்கட்டு வீங்கியது, தைலம் தேய்த்தாள். தோள் வலித்தது, படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டாள். கன்னை இறக்கு என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

சாக்கெட் உடைந்த அன்று மதியம் வில்லியனூருக்கு பஸ் ஏறினாள். தோளுக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போலிருந்தது. கம்பியைப் பிடிக்க வலது கை மேலே போகவில்லை. டூல்ஸ் கடை அரங்கநாதனுக்கு அவளைத் தெரியும். முப்பத்திரண்டு என்றதும் இரண்டு சாக்கெட்டுகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று குரோம் வெள்ளை, ஒன்று கறுப்பு. கையால் போடவா, கன்னுக்கா என்று கேட்டார்.

வெள்ளையை எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் பேச வேண்டியதில்லை. நாளைக்கும் பைப்பு மேல் ஏறி நிற்கலாம், நாளன்றைக்கும் நிற்கலாம். கறுப்பை வாங்கினால் அது கடைக்குள் வந்ததுமே கேள்வி வந்துவிடும். அவள் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள்.

வெள்ளை ஏன் உடைகிறது என்று கேட்டாள். பதினாறு மாதத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி. அரங்கநாதன் பொறுமையாகச் சொன்னார். வெள்ளை ரொம்பக் கெட்டி, கையால் மெல்லத் திருகும்போது தாங்கும். கன்னு விடாமல் அடிக்கிற அடியில் பிளந்துவிடும். கறுப்பு அதைவிடக் கொஞ்சம் இளக்கம், அதனால் அடியை வாங்கிக்கொள்ளும், அப்படிச் சிதறாது. பாதி மெக்கானிக்குகளுக்கு இது தெரியாது, பளபளப்பைப் பார்த்து வாங்கிப் போகிறார்கள் என்றார்.

"கறுப்பு தடியா இருக்குதே. கார் வீலு குழியில போவாதுங்களே?"

அவர் திரும்பிச் சுவரில் தொங்கிய ஓர் அட்டையைக் கழற்றினார். மூன்று கறுப்பு சாக்கெட்டுகள், நீளமாக, மெல்லியதாக, மேலே கலர் பிளாஸ்டிக் உறை போட்டு.

"இது அதுக்குன்னே வர்றதுதான். நாலஞ்சி வருஷமா இங்கியேதான் தொங்குது. கேக்கறவங்கதான் இல்ல."

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த மழை நாளுக்கு முன்பு எத்தனை தடவை இந்தக் கடைக்கு வந்திருப்பாள். இதே சுவர்தான். அரங்கநாதன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். முப்பத்திரண்டில் கறுப்பு ஒன்று, அந்த அட்டை, அப்புறம் கண்ணுக்குப் போடும் கண்ணாடி இரண்டு என்று சொன்னாள்.

திரும்பி வந்து இறங்கியபோது மணி ஐந்திருக்கும். டேனியல் கடைவாசலில் தண்ணீர் தெளித்திருந்தான். அவள் பையைப் பலகைமேல் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்தான். பெரிய சாக்கெட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தான்.

"கறுப்பா வாங்கியாந்த."

"ஆமா." அவள் எதிரில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. "அன்னிக்கு வெள்ளைய எடுத்துக் குடுத்தது நானுதான்யா. நீ கறுப்புதான் கேட்ட."

"தெரியும். கண்ணுதான போச்சி. காது நல்லாதான இருக்குது."

"அப்புறம் ஏன் நீயே எடுத்தன்னு ஊரெல்லாம் சொன்ன?"

முதலில் யோசிக்காமல்தான் சொன்னேன் என்றான். டாக்டர் கேட்டார், வாயில் வந்தது. பிறகு, பொம்பளை கையில் சாக்கெட்டைக் கொடுத்தால் இப்படித்தான் என்று நாலு பேர் பேசுவார்கள், அதற்குப்பின் எவன் அவளை நம்பி வண்டியை விடுவான், கடை என்ன ஆகும் என்று பயந்து அதையே பிடித்துக்கொண்டான்.  ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்து பேசினான்.

"என்ன நல்லவன்னு நெனச்சிக்காத சித்ரா. கன்ன கட்டிப் போட்டது மொதல்ல பயத்துலதான். ஒரு ரெண்டு மாசம். அப்புறம் பயம்லாம் போயிடிச்சி. ஆனா எறக்கல. நீ பைப்பு மேல ஏறி நிக்கறத இங்க குந்திக்கினு பாத்துக்கினே இருந்தன். வலிக்கட்டும்னு இருந்துச்சி."

அவள் அவனைப் பார்த்தாள். நல்ல கண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது; வந்தது கூட. ஆனால் அதை எழுப்பி நிறுத்தும் தெம்பு உடம்பில் இல்லை. இத்தனை நாள் அவன் கன்னை இறக்காமலிருந்ததற்கும் தான் கேட்காமலிருந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் தோன்றியது. வலிக்கட்டும் என்றுதானே அவளும் ஏறி நின்றாள். அப்படியானால் இந்தத் தோள் யார் கணக்கில் போனது என்று புரியவில்லை.

"இன்னிக்கி வுழுந்தப்போவுமா?"

"இன்னிக்கி ஓடியாரணும்னுதான் இருந்துச்சி. காலு வரல."

 அவன் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து சாக்கை இறக்கினான். பேட்டரியைச் சார்ஜில் போட்டான். அவள் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

காலையில் வலது கை மார்புக்கு மேலே ஏறவில்லை. அரிகரன் ஏழு மணிக்கே வந்து நின்றார். கன்னைத் தூக்க அவளால் முடியாது. நட்டின்மேல் சரியாக வைக்க அவனால் முடியாது. இரண்டு பேரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அவன் கன்னைப் பிடித்தான். அவள் இடது கையால் சாக்கெட்டை நட்டில் பொருத்தி, கையை எடுத்துவிட்டு, "வுடு" என்றாள். அவன் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு அழுத்தினான். அந்தச் சத்தத்துக்கு இருவர் உடம்பும் ஒரே சமயத்தில் குலுங்கியது. நட்டு கழன்று மண்ணில் விழுந்தது. அடுத்ததற்கு அவள் சாக்கெட்டைப் பொருத்தும்போது அவன் கன்னை ஒரு தடவை தாழ்த்தி, மறுபடி பிடித்தான். காத்திருந்தாள். பிடி நிலைத்தபின் "வுடு" என்றாள். எட்டு நட்டும் கழன்றன. ஒன்பது மணிக்கெல்லாம் வேறு டயர் மாட்டி டிரெய்லர் ஆலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டது.

வேலையில் அவள் கொண்டை அவிழ்ந்து முதுகில் சரிந்திருந்தது. ஒரு கையால் அள்ளி முடியப் பார்த்தாள், முடியவில்லை. விட்டுவிட்டுக் கிடந்த நட்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். முடி முகத்தில் விழுந்து மறைத்தது. டேனியல் உள்ளே போய்க் கத்தரியை எடுத்து, பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டினான். வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். அவள் நிமிர்ந்தாள்; திரும்பவுமில்லை, நகரவுமில்லை. கிரீஸ் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, அவன் ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியைக் கொத்துக் கொத்தாகச் சேர்க்க ஆரம்பித்தான். ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கம் நழுவியது. ரோட்டில் ஒரு மாட்டு வேன் வேகம் குறைத்து, கடைப் பக்கம் திரும்ப விளக்குப் போட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றாமல் அதைப் பார்த்தபடி நின்றாள். அவன் இன்னும் காதோரத்து முடியைத் தேடிக்கொண்டிருந்தான்.