யாரது வரப்புல

கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சேரன் செய்த முதல் காரியம், பைக்குள்ளிருந்து ஒரு பழைய முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டதுதான். கொரோனா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஊரே வெறும் முகத்தோடு திரிகிற இடத்தில் ஒருத்தன் மட்டும் மூக்கை மூடிக்கொண்டு வந்தால் அவனைத்தானே எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள்? இதுகூடத் தெரியாத ஆள்தான், ஒளிந்து பதுங்கி விளையாடும் கேம் ஒன்றைச் செய்து உலகத்துக்கே கொடுக்கப் போனான்.

கேமின் பெயர் 'மடை'. கடைமடையில் தண்ணீர் வராமல் பயிர் காய்கிறது. ஒரு பையன், காவலுக்கு நிற்பவர்கள் கண்ணில் படாமல், ராத்திரியில் வரப்போரமாகப் பதுங்கிப் போய் மேலே உள்ள மடையைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதன் டிரெய்லர் வந்தபோது அடேயப்பா, என்ன பேச்சு! சேற்றில் கால் புதையும் சத்தத்தைப் புகழ்ந்தார்கள். அவசரப்பட்டு நடந்தால் கொக்குகள் எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதைப் புகழ்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குரல். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் "யாரது வரப்புல?" என்று அதட்டுவாள். கேட்டதும் முதுகு சில்லிட்டுப் போனதாக, கீழ்வேளூர் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள்.

அது அம்சம் அத்தையின் குரல். சேரனுடைய அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. புருஷன் போன பிறகு, இருக்கிற மூன்று மா நிலத்தையும், ஏறக்குறைய ஒரு ஏக்கரை, தனியாளாகப் பயிர் வைக்கிறவள். வயலில் மாடு இறங்கிவிட்டால் நின்ற இடத்திலிருந்து ஒரு சத்தம் கொடுப்பாள். மாடும் திரும்பும், மாட்டுக்காரனும் திரும்புவான். சேரன் போனை நீட்டி, "அத்தை, எப்பவும் போல ஒரு தடவ அதட்டுங்க" என்றபோது, "வரப்புல ஆளே இல்லியேடா, யார அதட்டுறது?" என்று கேட்டாள். கடைசியில் அவனையே வரப்பில் போய் நிற்கச் சொல்லி அதட்டினாள். ஒரே தடவை. அதுதான் டிரெய்லரில் வந்தது.

"இன்னும் நெறைய பேசணும் அத்தை. தண்ணில விழுந்தா ஒண்ணு, ஆளக் காணலன்னா ஒண்ணு, நாய் கொரைச்சா ஒண்ணு. பொங்கலுக்கு வர்றப்ப எல்லாத்தையும் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனான். பொங்கலுக்கு வரவில்லை. கேமை வாங்கி வெளியிடுவதாகச் சொன்ன கம்பெனிக்காரர்கள் சீக்கிரம் முடி என்று கழுத்தைப் பிடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாள் ஊருக்கு வந்து போவதற்கு நேரமில்லாமல் போனதா என்று கேட்டால், இல்லை. சோம்பல். இங்கே அம்சமோ அவன் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "எப்ப அண்ணி வர்றான்? தொண்டைய நல்லா வச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்ப் பிள்ளைகள் அதற்குள் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட சேரன். மறுபக்கம் கும்பிட்டபடி அம்சம். நடுவில், 'உலகெங்கும் ஒலிக்கும் எங்கள் ஊர்க் குரல்'.

கேம் வந்தது. டிரெய்லரில் இருந்த கொக்குகளைக் காணோம்; அவற்றால் போன் சூடாகிறது என்று சேரனே தூக்கிவிட்டிருந்தான். காவலுக்கு நிற்பவர்களின் மூக்குக்கு நேரே போய் நின்றாலும் அவர்களுக்குக் கண் தெரியவில்லை. குரலோ, இருந்தது ஒன்றுதானே? அதையே எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டான். காவல்காரி தண்ணீரில் விழுந்தாலும் "யாரது வரப்புல". நாயைப் பார்த்தாலும் "யாரது வரப்புல". ஓரிடத்தில் அவள் வாழை மரத்தில் போய் முட்டிக்கொண்டு, நகரவும் முடியாமல் நிற்கவும் தெரியாமல், நாம் கேமை அணைக்கிற வரைக்கும் அதையே கத்திக்கொண்டிருப்பாள். அந்த வாழை மரக் காட்சியை மட்டும் எவனோ வெட்டி நெட்டில் போட்டான். அதற்கு மேளம் சேர்த்து ஒருத்தன், ஆட்டம் சேர்த்து ஒருத்தன் என்று நாடே சிரித்தது. கேமை மறந்துவிட்டார்கள். குரலை மட்டும் மறக்கவில்லை.

இப்போது தங்கை எழில்மொழிக்கு வளைகாப்பு. வராமல் இருக்க முடியாது. ரோட்டு வழியாகப் போனால் அம்சத்தின் வீட்டைத் தாண்ட வேண்டும். அதனால் வாய்க்கால் கரையைப் பிடித்து, வயல் வழியாகப் பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்று திட்டம். போகிற வழியில் குறுவை அறுத்துப் போட்ட வைக்கோல் போர் ஒன்றை ஃபிளெக்ஸ் போட்டு மூடியிருந்தார்கள். அதில் தன் கூலிங்கிளாஸ் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தவன், உச்சி வெயிலில் கூனிக் குறுகி நடந்தான்.

வாய்க்கால் திரும்பும் இடத்தில் கொக்குகள் எழும்பின. ஒன்றிரண்டு இல்லை, மொத்தக் கூட்டமும்.

சம்பாப் பயிருக்குள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். அம்சம்தான். வீட்டில் இருப்பாள் என்று நினைத்திருந்தான், மடையன். சட்டென்று ஒரு கோரைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தான். புதர் அவன் முழங்காலளவு. முதுகுப்பை முழுசாக வெளியே தெரிந்தது. அம்சம் நேராக அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

சேரனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதற்காகவே அவனைச் செருப்பால் அடிக்கலாம்.

எழுந்து நாலு எட்டு வைத்திருப்பான். அம்சத்தின் வயலுக்கு மறுமூலையில் ஒரு செவலை மாடு இறங்கியது. அவளும் பார்த்தாள். சேரன் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை. அம்சம் கம்பை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி ஓடினாள். வழுக்கி ஒரு கால் சேற்றில் போனது. ஊன்றி எழுந்து மறுபடியும் ஓடினாள். வாயைத் திறக்கவே இல்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் மாடு ஒரு மூலையை மொட்டையடித்திருந்தது.

அதற்கு மேல் சேரனால் போக முடியவில்லை. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

"அத்தை."

"வாடா சேரா, இப்பதான் வர்றியா? எழிலுக்கு ஏழாம் மாசம்தானே?" என்றாள், அப்போதுதான் பார்க்கிறவளைப் போல.

"என்னய மொதல்லயே பாத்தீங்கதானே?"

"பாத்தேன். புள்ள ஒளிஞ்சு வருதேன்னு விட்டுட்டேன்."

சேரன் முகக்கவசத்தைப் பைக்குள் திணித்தான். "மாட்ட ஏன் அத்தை அதட்டல?"

அம்சம் முழங்காலில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டாள். "அதட்டுனா சிரிக்கிறானுவ. ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திட்டு அதையே திருப்பிச் சொல்றான். அங்காடிக்குப் போனா எவனாவது போன்ல போட்டுடுறான், எனக்கு முன்னாடி அதுதான் உள்ள போவுது. ஏன்டா, என் கொரலு அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"அய்யோ, இல்ல அத்தை. உங்க கொரல்ல ஒரு கொறையும் இல்ல. தப்பு என்னோடது. ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு அதையே நான்தான்..."

"நீ வந்திருந்தா மத்ததையும் பேசிக் குடுத்திருப்பேன்ல?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபமாவது பட்டிருக்கலாம். "சரி, போனது போவட்டும். அத எடுத்துட முடியுமாடா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். "கேம்லேருந்து இன்னிக்கே எடுத்துடலாம் அத்தை. ஆளாளுக்குப் போன்ல வச்சிருக்கத எடுக்க முடியாது."

"ஓ" என்றாள் அம்சம். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். "சரி, நீ போ. அம்மா காத்துக்கிட்டு இருக்கும்."

விரட்டிய மாடு சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் பயிரில் இறங்கியது. சேரன் தன்னால் ஆன மட்டும் தொண்டையைத் திறந்து, "ஏய்" என்று கத்தினான். மாடு தலையைக்கூடத் தூக்கவில்லை. அம்சம் ஒரு தரம் வாயைத் திறந்தாள். ரோட்டில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு, கம்போடு சேற்றில் இறங்கினாள்.