அனுப்புநர் முகவரி

சிங்கப்பூர் மார்சிலிங் அடுக்குமாடி வீட்டில் அன்று அசர் தொழுகைக்குப் பிறகு இருந்தவர்கள் ஐவர். நீள சோபாவில் சம்பந்தியாகப் போகிற கமாலுதீன்; பக்கத்தில் அவருடைய மூத்த மகன், மாப்பிள்ளையின் அண்ணன் அதீஃப். எதிரே, சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்துப் போட்ட நாற்காலியில் வீட்டுக்காரர் நூர்தீன். அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் முக்காலியில் அவர் மனைவி ரஷீதா. கல்யாணப்பெண் ஹனீன் அறைக்குள், முழுதும் சாத்தாத கதவுக்குப் பின்னால். ஹனீனின் அண்ணன் இம்ரான் அங்கே இல்லை. அவன் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில் இருந்தான். பேச்சு அவனைப் பற்றித்தான்.

கல்யாணத்துக்கு முன்பே அவன் வெளியே வருவதாக இருந்தது. காலில் கண்காணிப்புப் பட்டையோடு வீட்டில் இருக்கலாம். வைத்துக்கொள்கிறோம் என்று குடும்பம் சம்மதித்தால்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் கமாலுதீன். "மாப்பிள்ளை கையப் புடிச்சு மண்டபத்துக்குள்ள அழைச்சிட்டு வர்றது பொண்ணோட அண்ணன். கால்ல டேக் மாட்டின பையன் வந்து நின்னா எங்க ஆளுங்க என்ன பேசுவாங்க? ஒரு வருஷம் வேற எங்கயாச்சும் இருக்கட்டும்."

நூர்தீன் தலையாட்டினார். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். பேரம் பேசாமல் எதற்கும் ஒத்துக்கொள்ளாதவர்.

"சட்டத்தையே மாத்தணும் மாமா," என்றான் அதீஃப். "லீகல் ஆக்கி டாக்டர் கையில குடுத்துட்டா ஜெயில் காலியாயிடும்லா."

"ஜெயில் காலியாகும், கபருஸ்தான் நெறையும்," என்றார் கமாலுதீன். "இங்க தூக்குக் கயிறு இருக்கறதாலதான் புள்ளைங்க பொழச்சு கெடக்கு."

"ஆம்ஸ்டர்டாம்ல கஞ்சா கடையிலயே கெடைக்குது அத்தா. நானே ஒரு தடவ..." அதீஃப் சிரித்தான். "ஹனிமூனுக்குத் தம்பிய அந்தப் பக்கம் அனுப்பிடாதீங்க."

"வாய மூடுலா," என்று கமாலுதீனும் சிரித்தார். மரியாதைக்கு நூர்தீனும் சிரித்து வைத்தார்.

ரஷீதா சிரிக்கவில்லை. இருவர் சொன்னதிலும் பாதிப் பாதி அவளுக்குச் சரியென்றே பட்டது. ஹெராயின் அவள் வளையல்களைக் கொண்டுபோயிருந்தது. பெற்ற பிள்ளைக்குப் பயந்து படுக்கையறைக்குப் பூட்டு வாங்க வைத்திருந்தது. குளியலறைத் தரையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனை அவள்தான் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். போன முறை பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குத்தானேம்மா?"

"எந்தச் சட்டம் வேணும்னாலும் வரட்டும் தம்பி," என்றாள் ரஷீதா. "அவன் எங்க படுப்பான்?"

அதீஃப் தட்டிலிருந்து பகேடில் என்ற உருளைக்கிழங்கு வடை ஒன்றை எடுத்தான். "வெளிய வர்றவங்க தங்க ஹாஃப்வே ஹவுஸ் இருக்கு மாமி. நல்லாப் பாத்துக்குவாங்க."

"அந்த ஊர்ல புகைச்சிட்டு நீங்க திரும்பி வந்தீங்களே, உங்க வீட்டுல கதவத் தொறந்தாங்களா?"

கமாலுதீன் கோப்பையை மேசையில் வைத்தார். "ரஷீதா, உள்ள போ," என்றார் நூர்தீன்.

"அம்மா, வேணாம்மா..." கதவுக்குப் பின்னாலிருந்து ஹனீன்.

கணவர் சொல்லை ஒருவேளை அவள் தாண்டியிருப்பாள். மகளின் குரல் அவளை எழுப்பி அடுப்படிக்குள் அனுப்பியது.

வந்தவர்கள் போனதும் நூர்தீன் சொன்னார்: "வீட்டுல வச்சுக்க முடியாதுன்னு நிலையத்து ஆஃபீசருக்கு நான் சொல்லிக்கிறேன். அவனுக்கு நீ எழுதிடு. உன் கையெழுத்துன்னாதான் நம்புவான்."

கூத்தாநல்லூர்ப் பள்ளியில் பழக்கியபடியே எழுதினாள். வலது மூலையில் ஊர், கீழே தேதி. அன்புள்ள மகனுக்கு. இங்கு யாவரும் நலம். வீட்டில் இப்போதைக்கு இடமில்லை, தங்கை கல்யாணம் முடியட்டும். நிமிர்ந்தபோது எதிரே, விரிப்பு மாற்றிய அவனுடைய கட்டில் தெரிந்தது. அதற்குமேல் எழுதவில்லை.

உறையின் முன்பக்கம் அவன் பெயரும் நிலையத்தின் முகவரியும். பின்பக்கம் திருப்பி, அனுப்புநர் என்று எழுதி, தன் பெயர், புளோக் எண், மாடி, வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு என்று ஒன்று விடாமல் நிதானமாக எழுதினாள்.

நூர்தீன் எட்டிப் பார்த்தார். "நம்ம அட்ரஸ் எதுக்கு? அவனுக்குத் தெரியாதா?"

"கடுதாசி போய்ச் சேரலேன்னா, திரும்பி வர ஒரு வீடு வேணும்லங்க."

ரஷீதா உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கிப் போய்த் தபால்பெட்டியில் போட்டாள்.