கொச்சங்காடியின் ஸ்விட்சர்லாந்து

1.

இந்தக் கதை ஒரு ஃபிளெக்ஸ் போர்டிலிருந்து வந்தது. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக்குத் திரும்பும் இடத்தில், ஓர் அரிசிக் கிட்டங்கியின் சுவரில் அது இன்னும் தொங்குகிறது. ['இன்னும்' என்பதை அடிக்க வேண்டும். முடிவைக் காட்டிக்கொடுக்கிறது.]

2.

முதல் தொடக்கம்: ஐரோப்பிய நாடுகள் மணலில் வெறுங்காலோடு ஆடும் கால்பந்து லீக் ஒன்று உண்டு. அதற்கும் மட்டாஞ்சேரிக்கும்

(கட்டுரை மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: மனைவி இறந்த நாற்பத்து மூன்றாம் நாள் இசக்கிமுத்து

(வேண்டாம்.)

மூன்றாவது: உலகக் கோப்பை வந்தால் முக்கு முழுவதையும் அர்ஜென்டினாவும் பிரேசிலும் பிடித்துக்கொள்ளும். கிட்டங்கிக்காரர்களுக்கு ஆணியடிக்கக்கூட இடம் கிடைக்காது. ரோஷம் வந்து, யாரும் சொந்தம் கொண்டாடாத ஓர் ஆட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள்: கடற்கரைக் கால்பந்து. எட்டு அணி, எட்டு ரசிகர் சங்கம், எட்டுச் சீட்டு; எந்த அணி யாருக்கு விழுகிறதோ அவர்தான் அந்தச் சங்கச் செயலாளர். டீக்கடை ஒச்சம்மாள் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினாள். கிட்டங்கியில் எடை போடும் இசக்கிமுத்துவின் மனைவி தன்யாவுக்கு ஸ்விட்சர்லாந்து விழுந்தது.

"கடலே இல்லாத நாடு, சேச்சி," என்று சிரித்தான் லோடு ஏற்றும் நிகில். அவனுக்கு போர்ச்சுகல்.

"கொச்சங்காடியில பனி பெய்யுதா? ஆனா எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஐஸ் இருக்குல்ல?" என்றாள் தன்யா.*

* முதல் வரைவில் இசக்கிமுத்து என்பது 'நான்'. மாற்றிவிட்டேன். அவன் என்றால் கை ஓடுகிறது.

3.

போர்டில் சங்கச் செயலாளர் படம் இருந்தாக வேண்டும். தன்யா பிரஷர் குக்கரைக் கோப்பைபோல் தூக்கிப் பிடித்து நின்றாள். வீட்டில் இருக்கும் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. இதற்கு இல்லை. ஜூலையில் அவள் போனாள். ஸ்விட்சர்லாந்தோ தோற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

தோற்று வெளியேறும் அணியின் போர்டை மறுநாள் கடையில் முதல் சாயா ஆற்றுவதற்குள் இறக்கிவிட வேண்டும். செயலாளர் வீட்டார்தான் இறக்க வேண்டும். இறக்கிய ஃபிளெக்ஸ், மழைக்கு அரிசி லோடின்மேல் போகும். இத்தாலி இப்போது அங்கமாலிப் பக்கம் எங்கோ நனைந்துகொண்டிருக்கிறது.

4.

இறுதியாட்டம். ஸ்விட்சர்லாந்து, போர்ச்சுகல். [இந்த ஆட்டம் எங்கும் நடக்கவில்லை. நான் நடத்துகிறேன்.] மாலை ஏழு மணி, ஒச்சம்மாள் கடை டிவி.

"தோத்தா சேச்சி படத்தை மட்டும் வெட்டித் தரேன், சேட்டா," என்றான் நிகில்.

"அவளை வெட்ட வேண்டாம்."

"நியமம் நியமம்தானே?"

"யப்பா நிகிலு, வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாரு," என்றாள் ஒச்சம்மாள். "நியமத்தைக் கண்டுபிடிச்சவளே நான்தான்."

5.

நான் யோசித்த முடிவுகள்:

ஸ்விட்சர்லாந்து ஜெயிக்கிறது. போர்டு ஒரு வருஷம் இருக்கும். கேட்டதைக் கொடுக்கும் எழுத்தாளனை நான் நம்புவதில்லை.

தோற்கிறது. ஏணியைச் சாத்தி, மூன்றாவது படியில் இசக்கிமுத்து கையை நீட்டுகிறான். கயிற்றின் முடிச்சு அவள் போட்டது. அதை அவன்

மழையில் கேபிள் போகிறது. ஏமாற்று வேலை.

டிரா செய்துவிடலாம் என்று நினைத்தேன். கடற்கரைக் கால்பந்தில் டிரா கிடையாதாம். கூடுதல் நேரம், பிறகு பெனால்டி, ஒருவன் தோற்கும்வரை. என்ன கொடூரமான ஆட்டம்!

6.

ஆகவே பெனால்டி. போர்ச்சுகல் கோல். ஸ்விட்சர்லாந்து கோல். பதினோராவது சுற்றிலும் இரண்டும் கோல். இருபத்தாறாவதிலும். கோல்கீப்பர்களுக்கு இது யார் வேலை என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒருவன் கேமராவையே முறைக்கிறான். நடுவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எப்ப தீரும், சேட்டா?"

"தீராது போலிருக்கு," என்றான் இசக்கிமுத்து. காலையிலிருந்து எதையும் தொடாதவன், ஒரு சாயா கேட்டான்.

நாற்பதாவது சுற்று. போர்ச்சுகல் கோல். ஸ்விட்சர்லாந்துக்காரன் பந்தை மணல்மேட்டில் வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான்.

அவசரமென்றால் நீங்கள் உதைத்துக்கொள்ளுங்கள். நான் அவனை இன்னும் கொஞ்சம் பின்னால் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.