காரணம் என்ற கட்டம்

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா, "எல்லாம் நல்லா இருக்கு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு நாளைக்கு ஒன்பது தடவை கழிவறைக்கு ஓடுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

"அப்ப நான் நடிக்கிறேனா? இல்ல, பைத்தியம்ங்கிறீங்களா?" மேசையை ஓங்கித் தட்டினேன். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"வலி நிஜம். புண்ணு, கட்டி எதுவும் இல்ல, அவ்வளவுதான். மனசு பதறினா குடலும் சேர்ந்து பதறும். சின்ன வயசுல வீடு எப்படி?"

"எல்லார் வீடும் மாதிரிதான். அப்பா அடிப்பாரு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் என் தாடையில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தார். எட்டு வயதில் போட்ட தையல் அது. அன்று கேட்ட டாக்டரிடம் மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றேன். கூட நின்ற அப்பா தலையாட்டினார்.

டாக்டரம்மா ஒரு கட்டுத் தாள் கொடுத்தார். நேரம், சாப்பிட்டது, வலி பத்துக்கு எத்தனை, காரணம் என்று நாலு கட்டம். தினமும் நிரப்ப வேண்டுமாம். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் பதினோரு வயது மகளை எழுதச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டு வந்து நான் சொல்லச் சொல்ல எழுதுவாள்.

"காரணம் என்னப்பா போடட்டும்?"

"பூட்ஸ்னு போடு."

பூட்ஸ் என்பது எங்கள் சூப்பர்வைசர். நான் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிறவன். கழிவறைக்குப் போக வேண்டுமானால் கத்தியை நம்பர் கொக்கியில் மாட்டி, இரும்பு வலைக் கையுறையைக் கழற்றி, ரப்பர் ஏப்ரனைக் கழற்றி, அவன் சட்டைப்பையில் இருக்கும் டோக்கனை வாங்க வேண்டும். இருபது பேருக்கு ஒரே டோக்கன். ஈரத் தரையில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டாலே என் வயிறு முறுக்கும். மூன்று வாரத் தாளிலும் அதே காரணம்தான். சாப்பாட்டுக்கும் வலிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த எரிச்சலையெல்லாம் வீட்டில்தான் கொட்டினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? தட்டை வீசினேன். போன மாதம் மகள் கன்னத்தில் அறைந்தேன், ஐந்து விரலும் பதிந்தது. அன்று மனைவி அழவில்லை. "இன்னொரு தடவை அவ மேல கை பட்டுச்சுன்னா நானும் அவளும் இங்க இருக்க மாட்டோம்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். இந்த இரண்டு பேரை விட்டால் எனக்கென்று யாரும் கிடையாது.

நேற்று இரண்டரை மணிக்கு வயிறு பிய்த்துக்கொண்டு வந்தது. கத்தியை மாட்டிவிட்டுப் போய் நின்றேன்.

"இப்பதானே போன? உள்ளேயே குடித்தனம் வச்சிருக்கியா?" பூட்ஸ் கேட்டான். இருபது பேரும் சிரித்தார்கள்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். தொங்கிக்கொண்டிருந்த மாட்டுத் தொடையில் அவன் முகம் மோதியது. மூக்கில் ஒரு குத்து. இன்னொன்று. பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. நாலு பேர் சேர்ந்து பிரித்து, வாசலுக்குத் தள்ளிக்கொண்டுபோய் விட்டார்கள். வேலை போயிற்று, டோக்கனும் கிடைக்கவில்லை.

பைக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கழிவறை. ஓடிப்போய்த் தள்ளினால் உள்ளே தாழ்ப்பாள்!

"யாரு உள்ளே?"

"நான்தாம்ப்பா. ஒரு நிமிஷம்."

"வெளிய வா!"

"வயிறு வலிக்குதுப்பா..."

"எனக்குத் தெரியாத வயித்து வலியா? எந்திரிச்சு வாடி!" சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். உதறினேன், அவள் சுவரில் போய் முட்டினாள். கதவை உதைத்தேன். இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து, கதவு தடாலென்று உள்ளே போய் விழுந்த இடம் என் மகளின் நெற்றி.

ரத்தம் கண்ணை மறைத்து வழிந்தது. அவள் கத்தவில்லை. அவசர அவசரமாக உடையை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் முடிச்சிட்டேம்ப்பா, நீங்க போங்க" என்றாள்.

அவள் காலடியில் ஒரு தாள் கிடந்தது. டாக்டரம்மா கொடுத்த என் தாள்கட்டிலிருந்து எடுத்தது, ஆனால் அவள் பெயர் போட்டிருந்தாள். நேரம்: ஆறு மணி, ஆறு ஐந்து, ஆறு மணி. வலி: ஏழு, எட்டு, எட்டு. கடைசி வரியில் மை காயவில்லை. மூன்றரை, ஒன்பது. காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பதில்: அப்பா பைக்.

என் உடம்பு அங்கேயே விட்டுக்கொடுத்துவிட்டது. அசிங்கம் காலில் வழிய நின்றேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. மனைவி துண்டால் மகளின் நெற்றியை அழுத்திக்கொண்டு, "நகருங்க" என்றாள்.

கழுவிக்கொண்டு, ஈரத் தரையில் கிடந்த தாளையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்து போனேன். பைக்கை எடுக்கவில்லை. அதே மருத்துவமனை, அதே டாக்டரம்மா. ஐந்து தையல்.

"எப்படிம்மா ஆச்சு?"

மகள் என்னைப் பார்த்தாள். "வழுக்கி விழுந்துட்டேன்."

எனக்குத் தாடைத் தழும்பு சுரீரென்றது. தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆட்டியிருந்தால் மனைவியும் பேசாமல் வீட்டுக்கு வந்திருப்பாளோ என்னவோ.

"இல்ல டாக்டர். நான் உதைச்ச கதவு." நனைந்த தாளை மேசையில் வைத்தேன். "இவள எங்கிட்ட அனுப்பாதீங்க."

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டரம்மா தாளை முழுதும் படித்துவிட்டு மகளிடம் குனிந்தார். "இப்ப வயிறு எப்படி இருக்கு கண்ணு?"

அவள் மறுபடி என்னையே பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன். அப்புறம்தான் உள்ளே அவள் பேச ஆரம்பித்தாள்.